புதுப்பிப்பு: முதல் 50 கி.மீ. மலைப்பாதை ஓட்டம் முடிந்தது
புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மட்டுமே ஓடிப் பழகியவன் மலையில் 50 கி.மீ. ஓட முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 9 மணி 40 நிமிடத்தில் முடித்தேன்.

கைகொடுத்தது, பதில் சொன்னவர்களில் ஒரு அண்ணன் தந்த யோசனைதான்: செஞ்சிக் கோட்டையில் பயிற்சி செய்வது. ஆறு ஞாயிறு அங்கே ராஜகிரி மலைப் படிகளில் ஏறி இறங்கினேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் பயிற்சி என்று அந்த அண்ணன் சொன்னது அப்படியே உண்மை. இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது, மறுநாள் வலி அதனால்தான். ஏற்றத்தில் நடக்கச் சொன்னதையும் கேட்டேன். முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் பார்த்தால் முன்னால் போனவர்களும் நடந்துகொண்டுதான் இருந்தார்கள்.

எதிர்பாராதது கால் நகம். இறக்கத்தில் விரல்கள் ஷூ முனையில் இடித்து இரண்டு நகங்கள் கறுத்துவிட்டன. சாலை ஷூ அளவிலேயே வாங்கியது என் தப்பு. அரை அளவு பெரிதாக வாங்குங்கள், நகத்தையும் முன்னாடியே வெட்டிவிடுங்கள்.