ரெப்ராப் பாகப் பட்டியலில் ‘வைட்டமின்’: தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

ஏட்ரியன் பௌயர் 2005இல் பாத் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரெப்ராப், தன் பாகங்களைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் முப்பரிமாண அச்சுப்பொறி. அந்தப் பொறியால் அச்சிட முடியாத மோட்டார், எஃகுத் தண்டு, பேரிங், தெர்மிஸ்டர் (வெப்ப உணரி) போன்றவற்றுக்கு அந்த ஆவணங்களில் ‘வைட்டமின்’ என்று பெயர். உடல் தானே ஆக்கிக்கொள்ளாமல் உணவிலிருந்து பெறுகிறதே, அந்த ஒப்புமை. தமிழ்ப் பட்டியலில் ‘உயிர்ச்சத்து’ என்று போட்டால் மருந்துக்கடைச் சீட்டுபோல இருக்கிறது. ‘கொள்முதல் பாகம்’ போதுமா?

---

> ‘கொள்முதல் பாகம்’ போதுமா?

போதாது ஐயா. பொறி உருக்கி அச்சிடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் இழையும் கொள்முதல்தான். ஆனால் அது மூலப்பொருள். வேறொருவர் அச்சிட்டு விற்கும் பிளாஸ்டிக் பாகங்களும் காசுக்கு வாங்கியவையே, வைட்டமின் அல்ல. ‘அச்சிலாப் பாகம்’ இன்னும் சிக்கல்: எக்ஸ் அச்சு, ஒய் அச்சு என்று பேசும் இடத்தில் அது வேறு பொருள் தரும். ‘ஊட்டுபாகம்’ என்றால் இழையை ஊட்டும் எக்ஸ்ட்ரூடரைத்தான் நினைப்பார்கள்.

என் பரிந்துரை: புறவரவு.

சொல் எதுவானாலும் அளவு கூடவே வரவேண்டும். ‘ஜிடி2 பல்சக்கரம், 2’ என்று மட்டும் எழுதுவது வம்பு: சக்கரத்துக்கு எத்தனை பல் என்று தெரியாது. படிக்கு 1.8 பாகை திரும்பும் மோட்டார், ஒரு படியைப் பதினாறாகப் பிரிக்கும் 1/16 நுண்படி என்றால் சுற்றுக்கு 3200 படி. அந்தச் சக்கரம் இழுக்கும் ஜிடி2 பல்பட்டையில் பல்லுக்குப் பல் 2 மி.மீ.; ஆக 20 பல்லுக்கு மில்லிமீட்டருக்கு 80 படி, 16 பல்லுக்கு 100. நிலைபொருளில் (பொறியை இயக்கும் உள்மென்பொருள்) 80 என்று வைத்துவிட்டு இரு அச்சிலும் 16 பல்லை மாட்டினால் 20 மி.மீ. கனசதுரம் நீள அகலத்தில் 16 மி.மீ.தான் வரும். உயரம் மட்டும் சரியாக இருக்கும், ஏனென்றால் இசட் அச்சை ஓட்டுவது திருகுதண்டு. இதனால் பலரும் பழியை இழைமேல் போடுவார்கள்.

---

‘புறவரவு’ தனியே நின்றால் வரவுசெலவுக் கணக்கு வாடை அடிக்கிறது. முதல் இடத்தில் ‘புறவரவுப் பாகம்’, பிறகு சுருக்கமாகப் ‘புறவரவு’ என்றால் ஏற்கலாம்.

எல்லை மட்டும் தெளிவாகட்டும். எல்எம்8யூயூ பேரிங் (உள்விட்டம் 8, வெளிவிட்டம் 15, நீளம் 24 மி.மீ.) புறவரவு. அதே வெளியளவில் புஷ் (தண்டு வழுக்கிச் செல்லும் குழல்) அச்சிட்டு மாட்டினால் பட்டியலின் அந்த வரி அச்சிடும் பாகங்களுக்குப் போய்விடும், 8 மி.மீ. தண்டு புறவரவிலேயே நிற்கும்.

முப்பரிமாண அச்சில் செய்யும் ஓப்பன்ஃப்ளெக்ஷர் நுண்ணோக்கிக்கும் இச்சொல் பொருந்துகிறது. மேடையை நகர்த்தும் வளைகீல்கள் உடலோடு ஒன்றாகவே அச்சாகின்றன. அங்கே தண்டுக்கும் பேரிங்குக்கும் வேலையில்லை. வில்லை, கேமரா, எம்3 திருகு, 28பிஒய்ஜே-48 மோட்டார் ஆகியவை புறவரவு.