ரொறன்ரோவில் அண்ணா குடும்பம் கஷ்டப்படுகிறதா?

கேள்வி (பரந்தன்):
கடந்த வருடம் ரொறன்ரோவுக்குப் போன அண்ணாவின் வீட்டில் இரவு ஏழு மணிக்குப் பிறகே உடுப்புத் தோய்க்கிறார்கள் என்றும், மீன் கிழமைக்கு ஒருமுறைதான் என்றும் அண்ணி சொல்லக் கேட்ட அம்மா, பிள்ளைகள் கஷ்டப்படுகிறார்கள் என்று அழுகிறார். இங்கிருந்து எதை அனுப்பினால் அவர்களுடைய செலவு குறையும்?

பதில் (ரொறன்ரோவின் ஸ்காபரோ, சொந்த ஊர் முள்ளியவளை):
ஏழு மணிக்காக அம்மா அழத் தேவையில்லை. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் நேரத்துக்கேற்ற கட்டண முறையில் இருப்பவர்களுக்கு வார நாட்களில் மாலை 7 மணி முதல் காலை 7 மணி வரையும், சனி, ஞாயிறில் முழுநாளும் மின்சாரம் மலிவு. கையைக் கடிப்பது வாடகையும் குளிர்கால உடுப்பும்தான். என் மகனுக்குப் பழைய உடுப்புக் கடையில் இரண்டு அளவு பெரிய குளிர் அங்கி வாங்கி, கையை உள்ளே மடித்துத் தைத்து, வருடத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்து மூன்று குளிர்காலம் ஓட்டினேன். முள்ளியவளையில் என் அம்மா பள்ளிச் சட்டைக்குச் செய்த அதே வேலை!

பதில் (வவுனியா):
பொதி அனுப்பும் கூலி பொருளின் விலையைத் தாண்டிவிடும். யாராவது பயணம் போனால் மட்டும் வறுத்து இடித்த மிளகாய்த்தூளைக் கொடுத்துவிடுங்கள்.

பரந்தன்:
நன்றி. அம்மா இப்போதே மிளகாயைக் காயப் போட்டுவிட்டார். பயணம் போகிறவரைத்தான் இனித் தேட வேண்டும்.