குடும்பத்தோடு கரையோரக் கடலில் மீன்பிடிக்க: 18 அடியா, 20 அடியா?

கரையோரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். படகு வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எந்தப் படகு என்பதில்தான் சிக்கல். நான், மனைவி, 11 வயது மகன், 7 வயது மகள். சில நாட்கள் என் அம்மாவும் வருவார். கரையிலிருந்து நாலைந்து கடல் மைலுக்கு மேல் போகும் எண்ணம் இல்லை. விடியற்காலையில் கிளம்பி மதியத்துக்குள் திரும்பிவிடுவோம். வலை கிடையாது, தூண்டில் மட்டும்.

பார்த்து வைத்திருப்பவை இரண்டு. இரண்டுமே பழைய ஃபைபர் படகுகள்.

முதலாவது 18 அடி. முன்பக்கம் திறந்தது, அணியத்தை, அதாவது படகின் முன்முனையைச் சுற்றி மெத்தை இருக்கைகள். 115 எச்பி மோட்டார். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தவர்கள் இறங்கவே மாட்டேன் என்றார்கள். அலையில்லாத நீரில் ஓட்டிப் பார்த்தேன், அருமையாகப் போனது.

இரண்டாவது 20 அடி. முன்னால் மூடிய சிறிய அறை, பின்னால் வெறும் தளம். 90 எச்பி. உட்கார இடம் குறைவு, சாயம் மங்கிப்போயிருக்கிறது. ஆனால் பக்கச்சுவர் என் தொடைக்கு மேல் வருகிறது.

மனம் முதல் படகின் மேல் இருக்கிறது. கடலுக்கு எது பாதுகாப்பு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஃபைபர் பட்டறை எழுதியது:

வணக்கம். படகு பழுதுபார்ப்பது என் தொழில். விரிந்த அடிப்பகுதி, உளுத்த பின்பலகை (மோட்டார் மாட்டும் பின்சுவர்), தண்ணீர் குடித்த தளம் என்று நாள் முழுக்க என் கையில் இருப்பது இந்த வேலைதான். உங்கள் கேள்விக்கு நேராகவே சொல்கிறேன்: இரண்டாவது படகு. ஆனால் இப்படியே போய் வாங்கிவிடாதீர்கள், அதிலும் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

விற்பவர்கள் படகு ஓடுவதைக் காட்டுவார்கள். தூண்டில் போடும் படகோ பெரும்பாலான நேரம் நின்றுகொண்டுதான் இருக்கும். மோட்டார் அணைந்திருக்கும், அலை பக்கவாட்டில் வரும், ஒருவர் தூண்டிலில் மீன் சிக்கினால் ஐந்து பேரும் ஒரே பக்கம் ஓடிவந்து எட்டிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் படகு எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்த்துத்தான் நான் படகைத் தேர்ந்தெடுப்பேன்.

முன்பக்கம் திறந்த படகில் எனக்குள்ள பயம் இதுதான். ஓட்டம் குறையும்போது அணியம் தாழும். எதிரே வரும் அலை அதன் மேல் ஏறினால் தண்ணீர் நேராக இருக்கைப் பள்ளத்துக்குள் விழும். மூடிய அணியமாக இருந்தால் அதே அலை மேலே விழுந்து இரண்டு பக்கமும் வழிந்து போய்விடும். ஏரிக்கும் கழிமுகத்துக்கும் முதல் படகு நல்ல படகுதான். திறந்த கடலுக்கு, அதுவும் பிள்ளைகள் முன்னால் உட்கார ஆசைப்படும் படகாக, நான் அதைச் சொல்ல மாட்டேன்.

உள்ளே வரும் தண்ணீரைக் குறைவாக எடைபோடாதீர்கள். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலமுள்ள தளத்தில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அது 600 லிட்டர். கடல் நீர் என்பதால் எடை 600 கிலோவுக்குக் கொஞ்சம் மேலேயே வரும். எட்டுப் பேர் கூடுதலாக ஏறியது மாதிரி. ஆட்களையாவது நடுவில் உட்காரச் சொல்லலாம். தண்ணீர் படகு சாயும் பக்கத்துக்கே ஓடி அதை இன்னும் சாய்க்கும். அதனால் தளம் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், விழுந்த தண்ணீர் வடிதுளை வழியாகத் தானே வெளியேற வேண்டும். இதைச் சோதிப்பது சுலபம். குடும்பம் மொத்தத்தையும் பின்பக்கம் நிற்க வையுங்கள், எரிபொருள் தொட்டி நிறைந்திருக்கட்டும். அப்போது வடிதுளை வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தால் அந்தப் படகு உங்கள் சுமைக்கு ஆனதல்ல.

பின்பலகையின் உயரம் அடுத்தது. 115 எச்பி மோட்டார் நூற்றைம்பது கிலோவுக்கு மேல் எடை, அது பின்கோடியில் தொங்குகிறது. மோட்டாருக்காகப் பலகையைத் தாழ வெட்டியிருந்தால், அதற்கும் தளத்துக்கும் நடுவே தண்ணீரைத் தடுக்கும் ஒரு தொட்டி போன்ற அமைப்பு கட்டாயம் வேண்டும். மோட்டாரின் தண்டு 20 அங்குலமா 25 அங்குலமா என்றும் அளந்து பாருங்கள். பலகை எவ்வளவு உயரம் என்பது அதிலேயே தெரிந்துவிடும். நங்கூரத்தைப் பின்னால் கட்டிப் படகை நிறுத்தும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். தாழ்ந்த பக்கத்தை அலைக்குக் காட்டிக்கொண்டு கயிறும் இழுத்தால், கண்மூடித் திறப்பதற்குள் தண்ணீர் நிரம்பிவிடும். எப்போதும் அணியத்தில் கட்டுங்கள். கயிற்றோடு கொஞ்சம் சங்கிலி சேர்த்து, ஆழத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு விடுங்கள்.

படகில் ஒரு தகடு ஒட்டியிருக்கும், அதைப் படியுங்கள். ஐரோப்பிய முறையில் கட்டியிருந்தால் ஏ, பி, சி, டி என்று வகை போட்டிருப்பார்கள். டி என்றால் காற்று பியூஃபோர்ட் அளவில் நாலாம் விசை வரை, அலை 0.3 மீட்டர் வரை. அது கடலுக்கு இல்லை. சி என்றால் ஆறாம் விசை, 2 மீட்டர் அலை. பி என்றால் எட்டாம் விசை, 4 மீட்டர். இந்த அலை உயரம் மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரிதான். நடுவில் ஏறக்குறைய அதன் இரு மடங்கில் ஒன்று வரக்கூடும். வகையோடு ஆள் எண்ணிக்கையும் இருக்கும். ஒரே படகு 4 பேருக்கு பி, 6 பேருக்கு சி என்று இருப்பதும் உண்டு. அம்மாவும் வரும் நாளுக்குத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இனி இரண்டாவது படகில் பார்க்க வேண்டியது. பழைய ஃபைபர் படகுகளில் பின்பலகைக்குள் பெரும்பாலும் ஒட்டுப்பலகைதான் இருக்கும். திருகு துளை வழியாகத் தண்ணீர் புகுந்து வருடக்கணக்கில் ஊறும், வெளியே ஒன்றும் தெரியாது. சிறிய சுத்தியலின் பிளாஸ்டிக் முனையால் ஒரு கை அகலம் விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் 'டக்' என்று கூர்மையாக ஒலிக்கும். உளுத்த இடத்தில் சத்தம் அமுங்கிப்போகும். அப்புறம் மோட்டாரைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். பலகை வளைவதோ மூலையில் விரிசல் வாய் திறப்பதோ கண்ணில் பட்டால் விலகிவிடுங்கள்.

தளத்துக்கு அடியில் படகை மிதக்க வைக்கும் நுரை இருக்கிறதா என்றும் கேளுங்கள். அமெரிக்க விதிப்படி 20 அடிக்குக் குறைந்த அவுட்போர்டு படகுகள் (மோட்டார் பின்பலகையில் வெளியே தொங்குபவை) தண்ணீர் நிரம்பினாலும் ஏறக்குறைய மட்டமாக மிதக்க வேண்டும். 20 அடிப் படகுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. நல்ல பட்டறைகள் தாமாகவே போட்டிருப்பார்கள், சிலர் போட்டிருக்க மாட்டார்கள். நுரை இருந்து அது தண்ணீர் குடித்திருந்தாலும் தொல்லை: படகு நூறு கிலோ கனத்து, பின்னால் அமர்ந்து மிதக்கும்.

---

உப்புக்காற்று எழுதியது:

மேலே சொன்ன அண்ணன் படகைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். பக்கச்சுவர் உங்கள் தொடைக்கு மேல் வருவது நல்லது. ஆனால் 7 வயது மகள் வெறும் தளத்தில் நிற்க மாட்டாள், ஐஸ் பெட்டி மேல் ஏறித்தான் எட்டிப் பார்ப்பாள். எதுவெல்லாம் ஏறி நிற்கும்படி சுவரை ஒட்டி இருக்கிறதோ, அதையெல்லாம் நடுவுக்குக் கொண்டுவந்து கட்டிவிடுங்கள்.

உயிர்காப்பு உடை வாங்கும்போது வயதைப் பார்க்காமல் எடையைப் பார்த்து வாங்குங்கள். கால்களுக்கு இடையே போகும் பட்டை இருக்க வேண்டும். மாட்டிவிட்டு, இரண்டு தோள் பட்டைகளையும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். உடை காதுவரை ஏறினால் அது பெரிது. முதல் தடவை இடுப்பளவுத் தண்ணீரில் மிதக்க விட்டுப் பழக்குங்கள். மகள் ஒருமுறை அதை நம்பிவிட்டால் அப்புறம் கழற்றச் சொல்லிக் கேட்க மாட்டாள்.

தண்ணீரில் இருப்பவர் தானே எட்டி இறக்கிக்கொள்ளக்கூடிய ஏணியும் வேண்டும். உங்கள் அம்மா விழுந்தால் அந்தச் சுவரைத் தாண்டித் தூக்க இரண்டு பேராலும் முடியாது.

---

இரட்டையடி எழுதியது:

இரண்டையும் விட்டுவிட்டு இரட்டை அடிப்பகுதி உள்ள படகை (கேட்டமரான்) பாருங்களேன். நின்றால் ஆடவே ஆடாது. வயதானவர்களுக்கு அதைவிட வசதி வேறில்லை.

---

ஃபைபர் பட்டறை எழுதியது:

நிற்கும்போது அது உறுதி என்பது உண்மை, மறுக்கவில்லை. இந்த நீளத்தில் சுமை கூடினால் இரண்டு அடிகளுக்கும் நடுவிலுள்ள கூரை தாழ்ந்து, எதிர் அலை அதில் படார் படார் என்று அறையும். ஐந்து பேர் என்றால் இன்னும் நீளமானதைத்தான் பார்க்க வேண்டும். இவர் கேட்டது கையிலிருக்கும் இரண்டில் எது என்று.

---

கரையோரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மனைவியும் இதைப் படித்தார், இரண்டாவது படகையே பார்க்கச் சொல்லிவிட்டார். நேற்று போய் நிதானமாகப் பார்த்தேன். தகட்டில் சி வகை, 6 பேர் என்று இருக்கிறது. நாங்கள் நால்வரும் பின்னால் நின்றபோது வடிதுளை நீருக்கு மேலேயே இருந்தது. பின்பலகையைத் தட்டினேன். எல்லா இடமும் நன்றாக ஒலித்தது, கீழே வடிகால் அடைப்பான் பக்கத்தில் மட்டும் ஒரு உள்ளங்கை அளவு அமுங்கிய சத்தம். மோட்டாரை அழுத்தியபோது பலகை வளையவில்லை. இதை விட்டுவிடுவதா? 90 எச்பி போதுமா?

---

ஃபைபர் பட்டறை எழுதியது:

பொறுமையாகப் பார்த்திருக்கிறீர்கள், நல்லது. அடைப்பான் பக்கம்தான் பெரும்பாலும் முதலில் ஊறும், ஏனென்றால் அந்தத் துளையின் வெட்டுவாயை யாரும் சரியாக மூடுவதில்லை. விற்பவரிடம் அனுமதி கேட்டு, அந்த அமுங்கிய இடத்திலுள்ள ஒரு திருகைக் கழற்றுங்கள். உலர்ந்த மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தால் கவலையில்லை. ஈரமாக வந்தாலும் மரம் திடமாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, உலர்த்தி, எப்பாக்சி பிசின் போட்டு மூடிவிடலாம். பழுப்புத் தண்ணீர் கசிந்து, குச்சி வைத்துக் குத்தினால் உள்ளே போகிறது என்றால் முழுப் பலகையும் மாற்ற வேண்டும், அதற்கு மோட்டாரை இறக்கியே ஆக வேண்டும். அந்தச் செலவை விலையில் கழிக்க ஒப்புக்கொண்டால் மட்டும் வாங்குங்கள். பலகை புதிதாகிவிட்டால் எனக்கு அந்தப் படகில் மறுப்பு இல்லை.

90 எச்பி சாதாரணமாகப் போதும், படகு தண்ணீர் குடித்துக் கனக்காமல் இருந்தால். ஐந்து பேரோடும் முழுத் தொட்டியோடும் அது சிரமமில்லாமல் எழுந்து ஓடுகிறதா என்று பாருங்கள். முழு வேகத்தில் மணிக்கு 30 லிட்டருக்கு மேலேயே குடிக்கும். எரிபொருளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: போக ஒன்று, வர ஒன்று, தொடாமல் வைக்க ஒன்று.

ஓட்டிப் பார்க்க அமைதியான நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சிறு அலை எழும்பும் காற்று, நாலாம் விசை, அதாவது 11 முதல் 16 நாட், இருக்கும் நாளில் அந்தக் கடலைத் தெரிந்த ஒருவரோடு போங்கள், பிள்ளைகள் கரையில் இருக்கட்டும். மோட்டாரை நிறுத்திப் பக்கவாட்டில் மிதக்க விட்டு, எல்லோரும் ஒரே பக்கம் வந்து நில்லுங்கள். சாய்ந்த படகு ஓரிடத்தில் உறுதியாக நின்றால் சரி. சாய்ந்துகொண்டே போனால் உடனே நடுவுக்கு வந்துவிடுங்கள், அந்தப் படகு வேண்டாம். திரும்பும்போது அலை பின்னாலிருந்து தள்ளும், அதுதான் கடினமான பகுதி. அலையின் முதுகில் இருந்தபடி மெதுவாக ஓட்டுங்கள். அணியம் முன் அலைக்குள் குத்துகிறதா, படகு பக்கவாட்டில் திரும்பப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். ஸ்டியரிங் கையைப் பிடுங்கினால் அதையும் எழுதுங்கள். மோட்டார் சாய்வைக் கொஞ்சம் மாற்றினால் தீரக்கூடிய குறையா என்று பார்த்துச் சொல்கிறேன். கில் சுவிட்சின் (நீங்கள் விழுந்தால் மோட்டாரை அணைப்பது) கயிறு உங்கள் உடம்பில் மாட்டியிருக்கட்டும், வி.எச்.எஃப். ரேடியோ ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனலில் இருக்கட்டும்.

திருகு எப்படி வந்தது என்று படம் எடுத்துப் போடுங்கள்.