‘3டி ஃபேஸ் ரீகன்ஸ்ட்ரக்ஷன்’: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

சாதாரண ஒளிப்படத்தைக் கொடுத்தால் கணினி முகத்தை முப்பரிமாணத்தில் உருவாக்கித் தருகிறதே, அதற்கு ‘முக மறுசீரமைப்பு’, ‘முக மீட்டுருவாக்கம்’ என்று இரண்டு சொற்கள் பேச்சில் இருக்கின்றன. எனக்கு இரண்டும் ஒப்பவில்லை.

மறுசீரமைப்பு ஏற்கெனவே மருத்துவர்களிடம் இருக்கிறது. விபத்தில் தாடை நொறுங்கியவருக்குச் செய்யும் அறுவைச் சிகிச்சை அது. மண்டையோட்டின் மேல் களிமண் வைத்து இறந்தவரின் முகத்தை வனைகிற தடயவியல் வேலைக்கு மீட்டுருவாக்கம் பொருந்தும். ஆங்கிலம் மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்துச் சமாளிக்கிறது. அந்தக் குழப்பத்தையும் சேர்த்து நாம் இறக்குமதி செய்ய வேண்டாம்.

எனக்குப் பெரிய உறுத்தல் ‘மீட்டு’ என்பதில்தான். மீட்பதென்றால் போனது திரும்பி வர வேண்டும். ஒற்றைப் படத்தில் ஆழம் படமெடுத்த கணத்திலேயே போய்விடுகிறது. கையை நீட்டி எடுத்த செல்ஃபியில் மூக்கு புடைத்துக்கொண்டு நிற்கும், காதுகள் கன்னத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதே ஆளைத் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள், முகம் தட்டையாகி காதுகள் எட்டிப் பார்க்கும். எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தது என்று தெரியாவிட்டால், மூக்கே பெரிதா, கேமராதான் கிட்டே இருந்ததா என்று நிரலால் உறுதியாகச் சொல்ல முடியாது. நிறத்திலும் இதே வம்புதான். மங்கிய வெளிச்சத்தில் நின்ற வெளிர்நிற முகமும் நல்ல வெளிச்சத்தில் நின்ற கருநிற முகமும் பிக்சல் கணக்கில் ஒன்றாகவே இருக்கலாம்.

அப்படியானால் திரையில் வரும் அந்த முழு முகம் எங்கிருந்து வருகிறது? மற்றவர்களின் முகங்களிலிருந்து. 1999இல் பிளான்ஸ், வெட்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் லேசரால் வருடிய 200 தலைகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் சராசரி முகத்தையும், அதிலிருந்து முகங்கள் எந்தெந்தத் திசைகளில் விலகுகின்றன என்பதையும் கணக்கிட்டார்கள். புதிய படம் வந்தால் சராசரி முகத்தை அந்தத் திசைகளில் கொஞ்சம் வளைப்பது, வரைந்து படத்தோடு ஒப்பிடுவது, வித்தியாசம் குறையும்வரை திருத்துவது. ஆயத்தச் சட்டையை ஆளுக்குத் தக்கபடி பிடித்துத் தைப்பது போலத்தான். 2017இல் வந்த ‘ஃபிளேம்’ என்ற இதே வகைத் தலை மாதிரி (மாடல்) ஏறக்குறைய 3,800 தலை வருடல்களிலிருந்து கற்றது. தலையின் வடிவைத் தாங்கும் அதன் வலையில் 5,023 முனைகள். இப்போது அந்தத் திருத்தும் வேலையை, தரவிலிருந்து கற்கும் நிரலான நரம்பு வலையமைப்பு ஏற்றுக்கொண்டு, எவ்வளவு வளைக்க வேண்டும் என்ற எண்களை ஒரே வீச்சில் தந்துவிடுகிறது. படத்தில் தெரியாத காதுமடலும் பிடரியும் அப்போதும் இரவல்தான்.

இரவல் யாரிடம் என்பதும் முக்கியம். 2009இல் வெளியான ‘பேசல்’ என்ற முக மாதிரிக்குத் தலை கொடுத்த 200 பேரில் பெரும்பாலோர் ஐரோப்பியர். அதை நம்பி வேறு நாட்டு முகத்தைப் பொருத்தினால், படம் தெளிவில்லாத இடத்திலெல்லாம் மூக்கும் கன்னமும் அந்தச் சராசரியை நோக்கிச் சாயும். இதை ‘மீட்டெடுத்த முகம்’ என்று எழுதிவிட்டால், படிப்பவர் அதைச் சான்றாகவே எடுத்துக்கொள்வார்.

என் முன்மொழிவு: முகவுருக் கணிப்பு. கணிப்பில் கணக்கும் இருக்கிறது, ஊகமும் இருக்கிறது. நடப்பதும் அந்த இரண்டும்தான். தேர்தல் கணிப்பு, வானிலைக் கணிப்பு என்று வருங்காலத்துக்கு மட்டும்தானே வரும் என்று கேட்கலாம். எலும்பை வைத்து வயதைக் கணிக்கிறோம், பிறந்த நேரத்தை வைத்து ஜாதகம் கணிக்கிறார்கள். காலம் ஒரு தடையில்லை.

சுற்றிச் சுற்றிப் பல படங்கள் எடுத்து, ஒரே புள்ளி ஒவ்வொன்றிலும் எங்கே விழுகிறது என்று பார்த்துத் தொலைவை அளக்கும் முறை தனி. அது ‘முகவுரு அளவெடுப்பு’ என்று இருக்கட்டும். அங்கே நிஜமாகவே அளக்கிறார்கள்.

கூடவே இன்னும் இரண்டு. சராசரி முகத்தை வளைத்துப் பொருத்தும் அந்த மாதிரிக்கு ஆங்கிலத்தில் ‘மார்ஃபபிள் மாடல்’ என்று பெயர். அதை ‘உருமாறும் மாதிரி’ என்றால் அது தானாகவே மாறுவது போலிருக்கிறது. ‘நெகிழ்முகம்’ எப்படி? வினைத்தொகை, சுருக்கமாகவும் இருக்கிறது. (யாரோ கண் கலங்கி நிற்பது போல ஒரு சாயல் வருகிறது, பழகினால் போய்விடும்.) ‘ஆல்பிடோ’வை வானியலில் எதிரொளித்திறன் என்கிறார்கள். முகத்துக்கு, வெளிச்சத்தைக் கழித்தபின் மிஞ்சும் நிறம் என்ற பொருளில் ‘தன்னிறம்’ போதும்.

செயலியில் பொத்தானுக்கு ‘கணி’ என்று இரண்டே எழுத்தில் போட்டுவிடலாம். முக வடிவத்தின் மேல் போர்த்தும் தோல் படமான ‘டெக்ஸ்சர்’தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது. ‘இழைநயம்’ துணிக்குச் சரி, தோலுக்கு ஒட்டவில்லை. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.