புதுப்பிப்பு: பக்கத்திலேயே சலுகை தேடியதில் எது பலித்தது

மளிகை, ஓட்டல், பிள்ளைகளின் பொழுதுபோக்கு, இந்த மூன்றிலும் அக்கம்பக்கத்தில் மலிவாகக் கிடைப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நன்றாகக் கைகொடுத்தது, பாக்கெட் விலையைப் பார்க்காமல் கிலோவுக்கு என்ன விலை என்று கணக்குப் போடச் சொன்ன பதில்தான். 900 கிராம் பாக்கெட்டும் 1 கிலோ பாக்கெட்டும் அலமாரியில் ஒரே அளவாகத்தான் தெரியும். எடையால் வகுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நான் எதிர்பாராதது, பெரிய 'குடும்பப் பாக்கெட்' சில பொருட்களில் கிலோ கணக்கில் சின்னதைவிட அதிக விலைக்கு வந்தது. சீக்கிரம் கெடும் பொருட்களைக் கடை மூடும் நேரத்தில் வாங்கலாம் என்றார்கள். அதுவும் சரி, அன்றே சமைப்பதாக இருந்தால்.

ஓட்டலுக்கு வார நாள் மதியம்தான் மலிவு. கூப்பன் செயலிகளை விட்டுவிட்டேன். குறைந்தபட்ச பில் தொகையை எட்டுவதற்காகவே இன்னொரு தட்டு வாங்க வைக்கிறார்கள்!

பிள்ளைகளுக்கு, நூலக அறிவிப்புப் பலகையைப் பார்க்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. கதை நேரம், கைவேலை வகுப்பு எல்லாம் இலவசம். அப்புறம், அருங்காட்சியகத்தின் இலவச நாளில் கூட்டம் அதிகம். திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.