"எப்பவோ முடிந்த காரியம்" என்றால் பொறுப்பு யாருடையது?

வெள்ளவத்தைவாசி:
2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்பை அடுத்த மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதைப் பற்றி நேற்று எழுதியபோது ஒருவர் யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமிகளின் "எப்பவோ முடிந்த காரியம்" என்ற வாசகத்தைப் பதிலாக இட்டார். எனக்கு மனம் கொதித்தது. கொழும்பில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் நாம் கட்டி வெளியே வைத்த பைகள்தாம் அங்கே போய்க் குவிந்தன. அந்தப் பாரத்தையும் இறைவன் தலையில் ஏற்றுவதா பக்தி?

நல்லூரடியான்:
இட்டவன் நான்தான். "நான் செய்தேன், நான் தடுத்திருப்பேன்" என்று துள்ளும் மனத்தை அடக்கவே சுவாமிகள் அதைச் சொன்னார். அவருக்கு அது குரு செல்லப்பா சுவாமிகள் வழி வந்தது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கும் மாயையில் தோன்றிய கருவிகள், அறிவற்றவை என்கிறது சைவ சித்தாந்தம். இறைவன் காட்டினால்தான் உயிரும் காண்கிறது. எல்லாவற்றையும் நம் கணக்கில் எழுதிக்கொள்வதும் ஆணவமே.

வெள்ளவத்தைவாசி:
அதே சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறதே! சஞ்சிதம் பழைய சேமிப்பு. பிராரத்தம் இப்போது அனுபவிப்பது. ஆகாமியமோ, அனுபவிக்கும்போதே நாம் புதிதாகச் சேர்ப்பது. எல்லாம் முடிந்துவிட்டது என்றால் ஆகாமியத்துக்கு என்ன வேலை? சோற்றுக் கழிவையும் பொலித்தீனையும் இன்று காலை ஒரே பையில் திணித்தது எந்தப் பிறவியின் கை?

கொச்சிக்கடை அக்கா:
பிள்ளையைப் பறிகொடுத்த தாய் "விதி" என்றால் அது அவளுடைய பிடிமானம். அதை யாரும் பறிக்கக் கூடாது. குப்பையை அங்கே கொட்டத் தீர்மானித்தவர் அதே சொல்லைச் சொன்னால் ஏற்கமாட்டேன். நான் கத்தோலிக்கப் பெண். சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் மட்டுமன்றி, கடமையில் தவறியதாலும் பாவம் செய்தேன் என்றே திருப்பலியில் அறிக்கையிடுகிறோம். செய்யாமல் விட்டதற்கும் கடவுள் முன் பதில் சொல்ல வேண்டும்.

நல்லூரடியான்:
தாயைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, அக்கா. ஆனால் ஆகாமியத்துக்கு விடை சைவ சித்தாந்த முதல்நூலான சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரத்தில் இருக்கிறது: "இறைபணி நிற்க". நான் என்ற முனைப்பில்லாமல் செய்பவனுக்கு வினை ஏறாது. குப்பையைப் பிரிக்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? பிரிக்கும்போது "நான் ஊரைத் திருத்துகிறேன்" என்ற எண்ணம் வேண்டாம் என்கிறேன்.

வெள்ளவத்தைவாசி:
பணியை இறைவன் தரலாம்; அதில் நிற்க வேண்டியது உயிர்தானே? எங்கள் தொடர்மாடியில் குப்பை எடுக்க வருபவர் வெறுங்கையால் பைகளைக் கிழித்துப் பிரிக்கிறார். உடைந்த போத்தலைத் தாளில் சுற்றிக் கொடுக்க எனக்கு முனைப்பு அடங்கும்வரை அவர் காத்திருக்க வேண்டுமா? ஆணவத்தோடு சுற்றினாலும் அவர் கையில் வெட்டு விழாது.

நல்லூரடியான்:
அவர் கை தப்பும். உங்கள் மனம் தப்புமா? கோபத்தில் செய்யும் நற்செயல், பாராட்டு இல்லையென்றால் சில மாதங்களில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் மனத்தைப் பிடித்துப் பேசுகிறேன்.

வெள்ளவத்தைவாசி:
முதலில் அவருடைய கை. பிறகு என் மனத்தைப் பற்றி நீங்கள் எவ்வளவு எழுதினாலும் வாசிப்பேன். அந்தப் பத்தாம் சூத்திரம் "வல்வினை இன்றே", அதாவது வல்வினை இல்லை, என்று முடிகிறதே, அதற்கும் உங்கள் விளக்கத்தை எழுதுங்கள்.