புதுப்பிப்பு: டேப்பஸ்ட்ரி ஓரம் ஒடுங்குவதும், காட்சிக்குத் தொங்கவிடுவதும்

டேப்பஸ்ட்ரி (கையால் நெய்யும் சித்திரத் துணி) புதிதாக நெய்பவர்களின் துண்டு நடுவில் ஏன் ஒடுங்குகிறது என்று கேட்டிருந்தேன். ஊடை நூலை, அதாவது குறுக்கே போகும் நூலை, நேராக இழுப்பதுதான் காரணம். ஊடை, பாவுக்கு (தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்களுக்கு) மேலும் கீழுமாக வளைந்து போக வேண்டும். அந்த வளைவுக்கு நூல் போதாவிட்டால் ஓரம் உள்ளே வந்துவிடும். 20 செ.மீ. அகலத்துக்கு நான்கைந்து சிறு வில்லாக நூலைத் தளர்த்தி விடுங்கள். ஒவ்வொரு வில்லின் உச்சியையும் விரலால் அழுத்தியபின் முள்கரண்டியால் தட்டுங்கள். ரொம்பத் தளர்த்தினால் முன்பக்கம் சுருள் சுருளாகத் துருத்தும். பாவின் அகலத்தைத் தறிச் சட்டத்தில் பேனாவால் குறித்துவைப்பது மிக நல்லது. ஒடுங்குவது உடனே தெரியும்.

கண்காட்சிக்குத் துண்டை ஆணிகளில் மாட்டவே வேண்டாம், ஆணிகளுக்கு இடையில் தொய்யும். பின்புற மேல்விளிம்பில் பருத்தி நாடாவோடு வெல்க்ரோவின் (ஒட்டிப் பிரிக்கும் பட்டை) மென்பக்கத்தைக் கையால் தைத்து, கொக்கிப் பக்கத்தை சுவரில் பொருத்தும் மெல்லிய மரப்பலகையில் அடியுங்கள். வெளிச்சம் 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) இருக்கட்டும்.